மேலே பளபள, அடியில் சொரசொர: பழைய கார் டிக்கி மூடிக்குத் தொழிற்சாலை பெயிண்ட் அடித்த விதம்

பழைய காரின் டிக்கி மூடி ஒரே தகடு அல்ல. இரண்டு.

மேலே தெரிவது வெளித்தகடு. அடியில் இருப்பது உள்தகடு. எடை குறைவதற்காக அதில் பெரிய பெரிய ஓட்டைகள் வெட்டியிருக்கும், விறைப்புக்காக வரம்பு வரம்பாக அழுத்தியிருக்கும். வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து நசுக்கி, அங்கங்கே ஸ்பாட் வெல்டிங் வைத்தால் மூடி தயார்.

பெயிண்ட் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றல்ல. வெளித்தகடு ஷோரூமில் வாடிக்கையாளரை இழுக்க வேண்டியது. அதற்குத் தேய்ப்பு, பூச்சு, சூளை, பாலிஷ் எல்லாம் உண்டு. உள்தகட்டுக்கு ஒரே வேலைதான்: துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். அதற்குக் கிடைத்தது, போகிற போக்கில் ஒரு ஸ்ப்ரே.

இன்று பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் இரண்டு பக்கத்தையும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் அப்படிச் செய்ததில்லை.

முதலில் கொஞ்சம் பழங்கதை.

கார் வந்த புதிதில் டிக்கி மூடி என்ற சமாச்சாரமே கிடையாது. பின்னால் ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் வாரால் கட்டிய நிஜப் பெட்டி. அவ்வளவுதான். காரின் உடம்புக்குக் குதிரை வண்டிக்கு அடித்த அதே எண்ணெய் வார்னிஷ் பெயிண்ட். பிரஷ்ஷால் ஒரு பூச்சு, காயும் வரை காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடி பூச்சு. ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். காய்ந்துகொண்டிருக்கும் கார்களை நிறுத்தி வைப்பதற்கென்றே கொட்டகை கொட்டகையாக இடம் வேண்டியிருந்தது.

ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது ஊரறிந்த கதை. கறுப்பு மலிவு, நன்றாக உழைக்கும். மட்கார்டு போன்ற பாகங்களைப் பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுத்துச் சூளையில் வைத்தார்கள். உடம்பின் மேல் பெயிண்டைக் குழாயால் ஊற்றி வழியவிட்டார்கள். (வழிந்தது வீணாகாது. கீழே பிடித்து மறுபடி ஊற்றுவார்கள்.)

நிலைமை மாறியது 1923இல். டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்களில் ஏறியது. 1924 மாடலாக வந்த அந்த ஓக்லாண்டின் நிறம் நீலம். இந்த லாக்கரில் கரைப்பான் ஆவியாகிப் போனால் பூச்சு காய்ந்துவிடும். வாரக்கணக்கு, மணிக்கணக்காகச் சுருங்கியது. நிறங்களும் பெருகின.

அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க பிரஷ்ஷால் முடியாது. ஸ்ப்ரே கன் அதற்குள் தயாராக இருந்தது. ஒஹையோவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்திருந்தார். அவர் மகன் தாமஸ், பின்னாளில் அதே யோசனையைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். தொண்டைப் புண்ணுக்கு வந்த கருவிதான் கார் தொழிலையே மாற்றியது.

1930களில் உடம்போடு சேர்ந்த டிக்கி பரவலானது. மூடியும் வந்தது. அதாவது, மூடி பிறந்தபோதே ஸ்ப்ரே கன்னும் சூளையும் அதற்காகக் காத்திருந்தன. பிரஷ் காலத்தை அது பார்க்கவே இல்லை என்று சொல்லலாம்.

இனி, பெயிண்ட்டில் இரண்டு கட்சிகள்.

ஜெனரல் மோட்டார்ஸ் லாக்கர் கட்சி. ஃபோர்டும் கிரைஸ்லரும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எனாமல் கட்சி. எனாமல் சூளைச் சூட்டில் வேதிவினையால் இறுகும். இறுகிய பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாது, கரைப்பானுக்கும் எளிதில் மசியாது. சூளையிலிருந்து வரும்போதே பளபளப்போடு வரும், பாலிஷ் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான மேடுபள்ளம் இருக்கும். லாக்கரில் பல பூச்சு வேண்டும், தேய்ப்பும் பாலிஷும் வேண்டும். பதிலுக்கு ஆழமான மினுமினுப்பு கிடைக்கும், ஒட்டுப்போடுவதும் சுலபம்.

1950களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நைட்ரோசெல்லுலோஸை விட்டு அக்ரிலிக் லாக்கருக்கு மாறியது. இது வெயிலில் சீக்கிரம் மங்காது. இன்னொரு குணமும் உண்டு. காய்ந்த பிறகும் சூடேற்றினால் உறைந்த நெய் மாதிரி இளகி, தானே சமமாகப் படியும். இந்தக் குணத்தை வைத்துத்தான் அவர்கள் சூளை வேலையையே அமைத்தார்கள். அது கொஞ்சம் தள்ளி வருகிறது.

1960களின் நடுவில் ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை. அங்கே டிக்கி மூடி எப்படிப் போனது?

கவனிக்க வேண்டிய முதல் விஷயம், மூடி தனியாகப் பெயிண்டுக்குப் போகவில்லை. உடம்பைக் கட்டியது ஃபிஷர் பாடி பிரிவு. அந்த வெல்டிங் பகுதியிலேயே கதவுகளும் டிக்கி மூடியும் கீல் வைத்து, போல்ட் முடுக்கி, இடைவெளி பார்த்துப் பொருத்தப்பட்டுவிடும். அதன்பின் மொத்த உடம்பும் ஒன்றாகப் பெயிண்ட் பகுதிக்குள் நுழையும். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் அப்படி அல்ல. அவை பெரும்பாலும் கார் பிரிவின் பொறுப்பில் வேறு வரிசையில் தனியாகப் பெயிண்ட் ஆகி, கடைசியில் வந்து சேரும். அதனால்தான் அந்தக் காலக் கார்களில் நிற வித்தியாசம் இருந்தால் அது பானெட் பக்கம் தெரியுமே தவிர, டிக்கி மூடிக்கும் பின்பக்க உடம்புக்கும் நடுவில் தெரியாது. இரண்டும் ஒரே நாள், ஒரே கன், ஒரே பெயிண்ட்.

(ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஆட்கள் இங்கே குழம்பக்கூடாது. அதில் டிக்கி முன்னால், எஞ்சின் பின்னால்.)

பெயிண்டுக்கு முன் டிங்கர் வேலை. பிரஸ்ஸிலிருந்து வந்த தகட்டில் சின்னச் சின்ன நெளிவுகள், வெல்டிங் தடங்கள் இருக்கும். அனுபவசாலிகள் உள்ளங்கையால் தடவியே மேடுபள்ளத்தைக் கண்டுபிடித்து, சுத்தியலால் தட்டி, அரம் போட்டு, கிரைண்டரால் சமன் செய்வார்கள். இதெல்லாம் வெளித்தகட்டுக்கு. உள்தகட்டைத் தடவிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அடுத்தது கழுவல். தகட்டில் பிரஸ் எண்ணெய் ஒட்டியிருக்கும். காரக் கரைசல், தண்ணீர், பிறகு பாஸ்பேட் கரைசல், மறுபடி தண்ணீர் என்று வரிசையாகத் தெளிப்பு. பாஸ்பேட் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படிகப் படலமாகும். பெயிண்ட் பிடித்துக்கொள்ளப் பிடிமானமும் அதுதான், துரு பரவாமல் தடுப்பதும் அதுதான். டெட்ராய்ட்டின் பார்க்கர் ரஸ்ட் ப்ரூஃப் நிறுவனம் பாண்டரைட் என்ற பெயரில் இதைக் கார் தொழிலுக்குள் பரப்பியிருந்தது.

பிறகு பிரைமர். பெரும்பாலும் செங்காவி அல்லது சாம்பல் நிறம். மூடியைத் திறந்து வைத்து உள்ளே அடித்து, மூடி வைத்து வெளியே அடித்து, சூளைக்கு அனுப்புவார்கள்.

இங்கேதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. கன்னிலிருந்து வரும் பெயிண்ட் நேர்கோட்டில்தான் போகும். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்குக்குள் அது வளைந்து போகாது. ஓரத்தில் மடித்து நசுக்கிய பகுதிக்குள் போகவே போகாது. அங்கே வெறும் இரும்பு. மழைத்தண்ணீர் இறங்கித் தங்கினால் துரு உள்ளிருந்து வெளியே வரும். பழைய டிக்கி மூடிகளின் கீழ் ஓரம் முதலில் கொப்பளிப்பதற்குக் காரணம் இதுவே. வெளியே எத்தனை தரம் பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தாலும் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

கிரைஸ்லர் 1960இல் ஒற்றை உடம்புக் கட்டமைப்புக்கு மாறியபோது, காரின் கீழ்ப்பகுதியையே தொட்டியில் முக்கி எடுக்கும் முறையை விளம்பரமே செய்தது. ஆனால் டிக்கி மூடி உயரத்தில் இருப்பது. தொட்டி மட்டம் அதை எட்டாது. முழுத் தீர்வு ஃபோர்டிடமிருந்து வந்தது. ஜார்ஜ் புரூவர் தலைமையில் உருவான மின்பூச்சு முறையில், உடம்பைப் பிரைமர் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், பெயிண்ட் துகள்கள் தாமாகவே இரும்பைத் தேடிப் போய் ஒட்டும், இடுக்குகளுக்குள்ளும். 1960களின் தொடக்கத்தில் ஃபோர்டின் விக்ஸம் தொழிற்சாலையில் இது கார் உடம்புகளுக்கு வந்தது. 1970களின் நடுவில் வந்த மேம்பட்ட வகை உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முந்தைய மூடிகள் எல்லாம் அதிர்ஷ்டத்தை நம்பி வெளியே வந்தவை.

பிரைமர் காய்ந்ததும் மூட்டுகளில் சீலர் தடவுவார்கள். டிக்கி வாயைச் சுற்றியுள்ள தண்ணீர்க் கால்வாயில் பிரஷ்ஷால் இழுத்த தடம் அப்படியே தெரியும். அதை வழித்துச் சமன்செய்ய யாரும் மெனக்கெடவில்லை. அதன்மேலேயே நிறம் விழுந்துவிடும்.

வெளித்தகட்டுக்கு இப்போது தண்ணீர்த் தேய்ப்பு. நனைந்தாலும் கிழியாத உப்புத்தாளை 3எம் நிறுவனம் 1921இல் கொண்டுவந்ததிலிருந்து கார்த் தொழிற்சாலைகளில் இது வழக்கம். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் ஈயம் கலந்த பெயிண்ட் தூசி பறக்காது. தேய்ப்பவரின் நுரையீரலுக்கு அது பெரிய நிம்மதி.

இனி நிறம். வரிசை ரொம்ப முக்கியம்.

முதலில் உள்பக்கம். மூடியைத் தூக்கி, கால்வாய், டிக்கி வாயின் விளிம்பு, கீல்கள், மூடியின் அடிப்பக்கம் இவற்றுக்கு அடிப்பார்கள். உடம்பின் நிறமேதான். ஆனால் ஒன்று இரண்டு வீச்சு மட்டும். உள்தகட்டு ஓட்டைகளின் உள்விளிம்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும். மூலைகளில் பெயிண்ட் மெலிந்திருக்கும். தூரத்திலிருந்து வந்து பாதி காய்ந்தே விழுந்த பெயிண்ட் மணல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும்.

ஏன் இந்த அலட்சியம்? அலட்சியம் இல்லை, கணக்கு. மணிக்கு 60 கார் ஓடும் வரிசையில் ஒரு ஆளுக்கு ஒரு காருக்கு 1 நிமிடம். (ஒஹையோவின் லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையில் 1970களின் தொடக்கத்தில் வேகத்தை மணிக்கு 100 வரை கொண்டுபோனார்கள். ஒரு காருக்கு 36 வினாடி. 1972இல் அங்கே வேலைநிறுத்தம் வெடித்ததில் ஆச்சரியமில்லை.) அந்த நேரத்தில் மூடியைத் தூக்கி, குனிந்து, கன்னை ஓட்டைக்குள் திருப்பித் திருப்பி அடிப்பது நடக்கிற காரியமா?

அடுத்து வெளிப்பக்கம். மூடியை முழுசாகச் சாத்தினால் ஈரப் பெயிண்ட் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு சின்னக் கொக்கியோ முட்டோ வைத்துக் கொஞ்சம் திறந்தபடி நிறுத்துவார்கள். அந்த இடைவெளி வழியாக வெளி ஸ்ப்ரேயின் புகை உள்ளே போய், கால்வாயிலும் உள்விளிம்பிலும் லேசாகப் படியும். அசல் பெயிண்டுக்கு அந்தப் புகைப் படிவும் ஒரு அடையாளம்.

மெட்டாலிக் நிறமானால் இன்னொரு சங்கடம். பெயிண்டில் கலந்த அலுமினியச் செதில்கள் படுக்கையான பரப்பில் ஒரு மாதிரி படியும், செங்குத்தான பரப்பில் வேறு மாதிரி படியும். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறித் தெரியும். ஆகவே ஒரே பெயிண்டை ஒரே ஆள் அடித்தாலும் மூடியின் மேல்பரப்பும் பின்பக்கச் சரிவும் துளி வேறுபடலாம். இதை ரிப்பேர் செய்த தடம் என்று நினைத்துப் பேரம் பேசுகிறவர்களும் உண்டு.

இப்போது சூளை. எனாமல் கட்சியில் கதை சின்னது: அடி, சுடு, முடிந்தது. லாக்கர் கட்சியில் மூன்று படி. முதலில் மிதமான சூட்டில் கொஞ்ச நேரம். பிறகு வெளியே எடுத்து, தூசி விழுந்த இடம், பெயிண்ட் வழிந்த இடம் எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்ப்பு. தேய்த்த இடம் மங்கிக் கீறலாகக் கிடக்கும். கவலையில்லை. மறுபடி அதிகச் சூட்டில் சூளைக்குப் போனால் லாக்கர் இளகி ஓடி, கீறலை மூடி, பளபளப்போடு திரும்பி வரும். கையால் பாலிஷ் போடும் கூலி பெருமளவு மிச்சம்.

மூடியின் அடிப்பக்கத்துக்கு இந்தத் தேய்ப்பு கிடையாது. சூளைச் சூடு மட்டும் இலவசம்.

இரட்டை நிறக் கார்களுக்கு இன்னொரு சுற்று. 1955 செவர்லே பெல் ஏர் இரட்டை நிறத்தில் வந்தபோது கூரையின் நிறமே பின்பக்கம் இறங்கி டிக்கி மூடிக்கும் வந்தது. முதல் நிறத்தை அடித்து, அதைக் காகிதத்தாலும் டேப்பாலும் மறைத்து, இரண்டாவது நிறம். மாஸ்கிங் டேப் பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். 3எம்மில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ, ஒரு பெயிண்ட் கடையில் இரட்டை நிறம் அடிக்கிறவர்கள் டேப்பை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்துக் கொதிப்பதைக் கேட்டார். 1925இல் அவர் மெல்லப் பிடித்து மெல்ல விடும் டேப்பைக் கண்டுபிடித்தார். (செலோ டேப் வகையும் பிறகு அவர் கைவண்ணமே.)

பட்டைகளும் அப்படித்தான். 1967இல் வந்த கமாரோ ஸி/28 பானெட்டிலும் டிக்கி மூடியிலும் அகலமான இரட்டைப் பட்டையோடு வந்தது. உடம்பு நிறத்தின் மேல் மாஸ்க் வைத்து அடித்த பட்டை. மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு எதுவும் இல்லாததால் பட்டையின் ஓரத்தை விரல் நகத்தால் உணரலாம். இன்று பட்டை அடித்து அதன்மேல் கிளியர் போட்டு மூடிவிடுகிறார்கள். விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. வழவழவென்று இருக்கும், அசல் இல்லை.

டிக்கியின் உள்ளறைக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1960களில் ஒரு தந்திரம் செய்தது: புள்ளிப் பெயிண்ட். சாம்பலில் வெள்ளைப் புள்ளி, கறுப்பில் நீலப்பச்சைப் புள்ளி மாதிரி, ஒரே வீச்சில் பல நிறத் துளிகள் தெறிக்கும். வெல்டிங் தடம், சீலர் பூச்சு, அரைகுறையாக விழுந்த உடம்பு நிறம் எல்லாம் அந்தப் புள்ளிக் கூட்டத்தில் காணாமல் போகும். மூடியின் அடிப்பக்கம் பொதுவாக உடம்பு நிறத்திலேயே நின்றது. சில கார்களில் அதன் ஓரத்திலும் கீலிலும் ஓரிரு புள்ளிகள் தப்பித் தெறித்திருக்கும்.

பெயிண்ட் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். பூட்டு, பெயர்ப்பலகை, ரப்பர் பீடிங், மூடி இடிக்காமல் இருக்க ரப்பர் குமிழ்கள். பீடிங் ஒட்டிய பசை கால்வாயில் வழிந்து அப்படியே காய்ந்திருக்கும். ஜாக்கி போடும் முறையை விளக்கும் ஸ்டிக்கர் மூடியின் அடிப்பக்கத்தில் ஏறும். கொஞ்சம் கோணலாகவும் ஏறும்.

வரிசையின் கடைசியில் யாராவது மூடியில் கீறல் போட்டுவிட்டால்? லாக்கர் என்றால் அந்த இடத்தில் மட்டும் அடித்தால் போதும், புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு கலந்துவிடும். எனாமல் கலக்காது, மூடி முழுவதையும் அடிக்க வேண்டும். நாலு பக்கமும் இடைவெளி இருப்பதால் டிக்கி மூடிக்கு அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் அதற்குள் சீட்டும் ரப்பரும் கண்ணாடியும் ஏறியிருக்கும், பெரிய சூளைக்குள் அனுப்ப முடியாது. ஆகவே குறைந்த சூட்டில் இறுகும்படி கலந்த பெயிண்ட். தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இரண்டாம் தரம் பெயிண்ட் பார்த்த மூடிகள் இருந்தன. 'மறுபடி அடித்திருக்கிறார்கள், ஆகவே விபத்துக் கார்' என்ற முடிவு எப்போதும் சரியாகாது.

அசல் மூடியை எப்படி அடையாளம் காண்பது?

கீல் போல்ட்டைப் பார்க்கலாம். மூடி பொருத்திய பிறகே பெயிண்ட் அடித்ததால் போல்ட் தலையிலும் உடம்பு நிறம் இருக்கும். அந்தப் பெயிண்ட் உடைந்து, ஸ்பேனர் தடம் தெரிந்தால் மூடி ஒரு தரமாவது கழன்றிருக்கிறது. (இன்றைய செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.)

வெளியே ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம். துணியில் காரின் நிறம் ஏறினால் மேலே கிளியர் இல்லை, நிறமே கடைசிப் பூச்சு. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கிளியர் கோட் பரவலானது 1980களில்தான். 1965 காரில் தேய்த்த துணி சுத்தமாகவே வந்தால் அது புதுப் பெயிண்ட்.

பிறகு அடிப்பக்கம். மூலையில் மெலிவு, ஓட்டை விளிம்பில் பிரைமர், விரலுக்கு மணல் மாதிரி தட்டும் சொரசொரப்பு, கால்வாயில் பிரஷ் தடம், வழிந்த பசை. இவையெல்லாம் குறைகள் இல்லை, சாட்சிகள்.

இதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. 1974இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தில் நடுவர்கள் பார்ப்பது, கார் எவ்வளவு பளபளக்கிறது என்பதை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதை. தேவைக்கு மேல் மினுக்கினால் மதிப்பெண் குறையும். (வேடிக்கை என்னவென்றால், 1963 முதல் 1997 வரை வந்த கார்வெட்டுகளில் டிக்கிக்கென்று தனி மூடியே கிடையாது. அந்தக் காலத்துக் கார்வெட்டுகளைப் பார்க்கும் நடுவர்களுக்கு இந்தத் தலைவலி மட்டும் இல்லை.)

ஆகவே அசலாகப் புதுப்பிக்க நினைக்கிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இடுக்கிலும் மடிப்பிலும், தொழிற்சாலை செய்யாத துருத் தடுப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துகொள்ளலாம். மூடியைக் காரில் பொருத்திய பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும். உள்பக்கம் முதலில், ஒன்று இரண்டு வீச்சோடு. வெளிப்பக்கம் பிறகு, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து. தேய்ப்பும் பாலிஷும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.